"ஊர்ப் பிள்ளையளுக்குப் பல்லு விளக்கி விடவா ஏ.எல். படிச்ச?"

கேள்வி: ஏ.எல். உயிரியல் செய்தேன், மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. ஊர் திருகோணமலை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் மேலே தலைப்பில் உள்ளதைத்தான் கேட்கிறார்கள். இந்த வேலையால் வறிய பிள்ளைகளுக்கு உண்மையாகவே பிரயோசனம் உண்டா?

பதில்:

தங்கச்சி, உங்கள் வீட்டார் கேட்டதை என்னிடம் என் பெரியம்மா கேட்டார். கிட்டத்தட்ட இதே வார்த்தைகள். கையில் வெற்றிலைத் தட்டம் வேறு. அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் அது உங்கள் மேல் இல்லை.

பல்லு விளக்கி விடுவதற்கென்றே பெண்களைப் படிப்பித்த கதை ஒன்று உண்மையில் இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர். அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர் முதலில் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யப் பழக்கினார். பிறகு 1913இல் தன்னுடைய கராஜையே வகுப்பறையாக்கிப் பெண்களைச் சேர்த்தார். முதல் தொகுதியில் 27 பேர் படித்து வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் போனது அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம். ஏன் பெண்கள் என்பதற்கு அந்த மனிதர் வைத்திருந்த நியாயம், ஆண் இந்தச் சின்ன வேலையோடு திருப்திப்பட மாட்டான், பெண் படுவாள் என்பது. அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மாவும் அவரும் ஒரே கட்சி.

நம்முடைய வழி வேறு. நியூசிலாந்தில் 1921இல் பாடசாலைப் பல் தாதிகளைப் பயிற்றத் தொடங்கினார்கள். அவர்கள் சுத்தம் செய்வதோடு நிற்கவில்லை, சூத்தையை அடைத்தார்கள், பால்பல் பிடுங்கினார்கள். 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ், அந்த நாட்டு உதவியோடு, கொழும்புக்குப் பக்கத்து மகரகமவில் பயிற்சி தொடங்கியது. நான் படித்ததும் அங்கேதான். ஆகவே "விளக்கி விடுற வேலை" என்பவர்களுக்கு ஒரு வரியில் பதில்: ஏழு வயதுப் பிள்ளை அழாமல் இருக்க ஊசி போட்டுப் பாருங்கள், பிறகு கதைப்போம். (பல் டொக்டர்மார் யாராவது வாசித்தால் கோபிக்க வேண்டாம். உங்கள் வேலையை நாங்கள் செய்கிறோம் என்று நான் சொல்லவில்லை.)

பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள். அதற்கு என் முதல் வருடத்தைச் சொல்ல வேண்டும். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

2008. மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய சனம், கூரைக்குத் தறப்பாள், தண்ணிக்கு பவுசர். கிண்ணியாப் பாலம் திறந்தது அடுத்த வருடம்தான், அதுவரை "பாதை" என்கிற மிதவையில் ஏறித்தான் களப்பைக் கடக்க வேண்டும். அன்று பிள்ளைகளை வரிசையில் இருத்தி டோர்ச்சும் கண்ணாடியும் வைத்து வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று. வாயைத் திறந்தால் வலப்பக்கக் கீழ்க் கொடுப்புப் பல் வெறும் கோது.

தாய் பக்கத்தில் நின்றார். "பால்பல்லுதானே மிஸ், விழுந்து முளைக்கும் எண்டு விட்டுட்டன்."

அது பால்பல் இல்லை. ஆறு வயதளவில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பல் சத்தம் போடாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் வீட்டில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் கிழவியாகும் வரைக்கும் வைத்துச் சப்ப வேண்டிய பல். முளைத்த புதிதில் மேலே பள்ளமும் வெடிப்புமாக இருக்கும், சாப்பாடு போய் அடைந்துகொள்ளும், சூத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான். இதையெல்லாம் அந்தத் தாய்க்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பத்துப் பதினைந்து தாய்மார் முன்னால், "இவ்வளவு காலமும் பிள்ளையின்ட வாயைத் திறந்து பாக்கேல்லையா? ஒரு பிரஷ் வாங்க வழியில்லையா?" என்று சத்தம் போட்டேன்.

"வாங்கினன் மிஸ். நாலு பேருக்கும் ஒண்டு."

அவ கோபத்தில் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னா. பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவவைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று இன்றுவரை தெரியவில்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். போகவில்லை. போவதென்றால் தகப்பனின் ஒரு நாள் கூலி போகும், வீட்டில் மற்ற மூன்றையும் பார்க்க ஆளில்லை. மூன்று மாதத்தில் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வகுப்பு ரீச்சர்தான் கொண்டுபோய்ப் பல்லைக் கழற்றுவித்தார். அதன்பிறகு அந்தத் தாய் என்னை எங்கே கண்டாலும் வேலியோரமாக மற்றப் பக்கத்தால் போய்விடுவா.

பயிற்சியில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தார்கள். கரண்ட் இல்லாத இடத்தில் கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்து சீமெந்து மாதிரி ஒன்றை அடைப்பது வரைக்கும் தெரியும். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது எப்படி என்று மட்டும் யாரும் பாடம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இருபத்திரண்டு வயதில் எனக்கு ஏறியிருக்குமா தெரியாது.

பிறகு என் வாலைச் சுருட்டிக்கொண்டு, ரீச்சரோடு சேர்ந்து ஒரு வேலை பார்த்தேன். பிரஷ்களை வீட்டுக்குக் கொடுக்காமல் வகுப்பிலேயே வைத்தோம். வெட்டின தண்ணிப் போத்தலில் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி. இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் வேலியோரம் நின்று விளக்குவார்கள். கடலையளவு புளோரைட் பேஸ்ட், துப்பினால் போதும், அலசத் தேவையில்லை. அலசாமல் விட்டால் புளோரைட் பல்லில் கொஞ்சம் தங்கும், பவுசர் தண்ணியும் மிச்சம். ஏறக்குறைய ஒரு வருடம் நடந்தது. பிறகு பிரஷ் முடிந்தது, அந்த ரீச்சருக்கும் மாற்றம் வந்தது, புதிதாக வந்தவர் பாடநேரம் வீணாகிறது என்றார். நின்றுபோனது. வெற்றிக்கதை வேண்டுமென்றால் வேறு பதில்களை வாசியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. கடைகளில் மிச்சக்காசுக்கு டொபி கொடுக்கிறார்களே, அதற்கு என்ன நியாயம்? இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும் காசில்லையா? அதே டொபியைத் திருப்பிக் கொண்டுபோய் நெருப்புப்பெட்டி தா என்றால் தருவாரா? நான் ஒருதரம் கொடுத்துப் பார்த்தேன், முதலாளி என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். கடைக்கு அனுப்புவது பிள்ளைகளைத்தான், எனவே அந்த டொபி நேரே போவது அவர்கள் வாய்க்கு. எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தரம் என்பதுதான் பல்லுக்குக் கேடு. ஒவ்வொரு தரமும் வாயில் புளிப்பு ஏறி, எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். நாள் முழுக்க டொபி சூப்பினால் எச்சில் எப்போது வேலை செய்வது? சரி, விடுங்கள்.

வறுமையை ஒரு பெண் பிள்ளை கண்ணாடியும் டோர்ச்சும் வைத்து மாற்றப் போவதில்லை. "சேவை செய்யப் போறேன்" என்று போகிறவர்கள்தான் என்னைப் போலச் சத்தம் போடுவார்கள், கொடுத்ததை வாங்கவில்லையே என்ற கோபத்தில். ஒரே வாயை ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்த்து, ஒரே கதையைச் சலிக்காமல் சொல்ல முடியும் என்றால் போங்கள். பல் வலியில் இரவு தூங்காத பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் எதையும் படிக்காது, அந்த வலியை அரை மணித்தியாலத்தில் நிற்பாட்டுவது பிரயோசனம் இல்லையா? எனக்கு அது போதும். கிண்ணியாவிலோ வெருகலிலோ வளர்ந்த பிள்ளை இந்த வேலைக்கு வந்தால் இன்னும் நல்லது, நாலு பேருக்கு ஒரு பிரஷ் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மகரகமவுக்குப் போகுமுன் சிங்களம் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். முதல் மாதம் சாப்பாட்டுக் கடையில் நான் விரலைக் காட்டித்தான் சாப்பிட்டேன்.

கலியாணப் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் உங்கள் குறிப்பில் "பல் டொக்டர்" என்று எழுதுவார். வெட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சம்பந்தம் அதில்தான் குழம்பியது, ஏமாற்றிவிட்டோமாம்.

அந்த மூதூர்ப் பிள்ளையைப் போன வருடம் டவுனில் ஒரு புடவைக்கடையில் கண்டேன். நெற்றித் தழும்பை வைத்து நான்தான் அடையாளம் பிடித்தேன், அவளுக்கு என்னை நினைவில்லை. துணி மடிப்பதற்கிடையில் வடை தின்றுகொண்டிருந்தாள். முழுக்க இடப்பக்கத்தால்தான் சப்பினாள்.

பெரியம்மாவுக்கு இப்போது முழுப் பல்செட். நேற்றிரவும் போன் எடுத்தார், கீழ்ச்செட் கழன்று கழன்று வருகிறதாம், வந்து பார்க்கட்டாம். "பெரியம்மா, நான் சின்னப் பிள்ளையளுக்குத்தான் பாக்கிறது, நீங்க பல் டொக்டரிட்டப் போங்க" என்றேன்.

"அப்ப நீ என்னத்தைத்தான் படிச்ச?" என்று வைத்துவிட்டார்.