கழற்றி எடுத்துப்போக முடியாத குசினிக்கு ஐந்தாண்டுக் கடனா?

கேள்வி: மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தோட்ட வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 57 வயது. ஓவர்டைம் சேர்த்து 1,900 வெள்ளி (ரிங்கிட்) வரும். எனக்கு 49. பள்ளிக் கெண்டீனில் 1,200 வெள்ளிச் சம்பளம். குசினி ஏழடிக்கு ஒன்பதடி. ஒரு பழைய மேசையும் விரிசல் விட்ட சிமெண்டுத் திண்டும்தான் இருக்கின்றன. தீபாவளிக்கு வந்த நாத்தனார் "இதிலயா அண்ணி சமைக்கிறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கணவரின் தம்பி கேபினட் வேலை செய்பவர். மூன்று பக்கமும் கேபினட், பதிக்கும் ஹாப் அடுப்பு, புகை உறிஞ்சும் ஹூட், பில்ட்-இன் ஓவன் எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளி என்கிறார். அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் மூலம் ஐந்து வருட லோன், 8 விழுக்காடு வட்டி, மாதம் 350தான். லோன் வேண்டாமென்றால் "அண்ணனோட இ.பி.எஃப்ல (ஊழியர் சேமநிதி) எடுங்க" என்கிறார். 500 வெள்ளி முன்பணமும் வாங்கிக்கொண்டார். ஐஸ்பெட்டிக்கு 88, துணி துவைக்கும் மெஷினுக்கு 65, கைப்பேசிக்கு 110, மோட்டார் சைக்கிளுக்கு 210 என்று ஏற்கெனவே கட்டி வருகிறோம். ரசீதுகளை அனுப்பியிருக்கிறேன். இந்த 350-ஐச் சமாளிக்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் "மாதம்" என்ற சொல் வராத கணக்கே இல்லை. ஐஸ்பெட்டியின் விலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை, மாதம் 88 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. ரசீதைப் பார்த்தால் ஐஸ்பெட்டியின் ரொக்க விலை 1,399. நீங்கள் கட்டுவது 88 வீதம் 24 மாதம், ஆக 2,112. மெஷினின் ரொக்க விலை 799, கட்டுவது 65 வீதம் 18 மாதம், 1,170. இரண்டிலும் சேர்த்துக் கடைக்காரருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,084 வெள்ளி. இந்தத் தொகையை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

இனி அந்த 8 விழுக்காட்டுக்கு வருவோம். 15,000-க்கு ஆண்டுக்கு 1,200, ஐந்து ஆண்டுக்கு 6,000 வட்டி. மொத்தம் 21,000, அதை 60-ஆல் வகுத்தால் 350. ஏஜென்ட் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள், வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு 15,000-க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் பாக்கிக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி 14 விழுக்காட்டைத் தாண்டும். லோன் கைக்கு வரும் முன்பே அந்த ஏஜென்ட் "ப்ராசஸிங் கட்டணம்" என்று எதையாவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணவருக்கு 57 வயது. குறைந்தபட்ச ஓய்வு வயது 60. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். மூன்று வருடத்தில் 36 தவணை, 12,600 வெள்ளி கட்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகு இன்னும் 24 தவணை, 8,400 வெள்ளி பாக்கி. அப்போது வீட்டில் வருவது உங்கள் 1,200 மட்டும். கேபினட் தோட்ட வீட்டின் சுவரில் இருக்கும், நீங்கள் வேறு எங்கோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு அதற்குத் தவணை கட்டுவீர்கள். சுவருக்கு அளந்து அறுத்த கேபினட்டைக் கழற்றினாலும் அடுத்த வீட்டில் பொருந்தாது. திருகு போட்ட துளையைச் சுற்றிப் பலகை உதிர்ந்துவிடும்.

கொழுந்தனாரின் வரைபடமும் அந்த அறைக்கு ஆகாது. ஏழடி என்பது 84 அங்குலம். ஒரு பக்கம் 24 அங்குல கேபினட், எதிரே 28 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் ஐஸ்பெட்டி. நடுவில் மிஞ்சுவது 32. ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தால் அதில் 22 போய்விடும். பத்து அங்குலத்தில் நின்றுகொண்டு எப்படிக் குழம்புச் சட்டியை எடுப்பீர்கள்? அவர் விலையில் வருவது பெரும்பாலும் மெலமின் ஒட்டிய சிப்போர்டாகத்தான் (மரத்துகளை அழுத்திய பலகை) இருக்கும், கேட்டுப் பாருங்கள். சிங்க்குக்காக அறுத்த விளிம்பை யாரும் ஒழுங்காகப் பூசி அடைப்பதில்லை. அதன் வழியே நீர் இறங்கும். கீழே, வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வழக்கமுள்ள நம் வீடுகளில் அடிப்பலகை இரண்டு மூன்று வருடத்தில் ஊறி உப்பிவிடும். ஓவனுக்கும் வருகிறேன். 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3,000 வாட். கெட்டில் 2,000, பில்ட்-இன் ஓவன் பெரும்பாலும் 2,000-க்கு மேல், சோற்றுக் குக்கர் 700. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் வயர் சூடாகும். பழைய தோட்ட வீட்டு வயரிங்கில் அந்த விளையாட்டு வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கேக் சுடுவதற்கு பில்ட்-இன் ஓவன் எதற்கு என்று நான் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். கேட்டுவிட்டேன்.

அப்படியானால் விரிசல் விட்ட திண்டிலேயே சமைப்பதா? இல்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய குசினியாகப் போடுங்கள்.

ஒன்பதடிச் சுவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 108 அங்குலம். ஐஸ்பெட்டிக்கு 24, அடுத்துக் கால் வைத்த ஸ்டீல் சிங்க், தட்டு வடியும் பகுதியோடு 40, கடைசியில் அடுப்பு மேசை 36. கூட்டினால் 100 வரும், மிஞ்சிய 8 அங்குலம் ஐஸ்பெட்டி மூச்சுவிடவும் துடைப்பம் நிற்கவும். ஐஸ்பெட்டியும் அடுப்பும் பக்கத்தில் வரக்கூடாது, நடுவே சிங்க் இருக்கட்டும். சிங்க் விளிம்பு 34 அங்குல உயரம். அடுப்பு மேசை மட்டும் 28 போதும்; அடுப்பின் உயரம் ஐந்தாறு அங்குலம் ஏறினால் சட்டியின் அடி 34-ல் வந்து நிற்கும். மேசையையும் 34-ல் போட்டால் பெரிய குண்டானில் கிண்டும்போது தோள் வலிக்கும். பல கேபினட்காரர்கள் செய்யும் தவறு இது, அவர்கள் கிண்டுவதில்லை.

எதிர்ச் சுவரில், அடுப்புக்கு நேராக, போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு அங்கிள் ரேக். மூன்றடி அகலம், 18 அங்குல ஆழம், ஐந்து தட்டு. கிரைண்டரை இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். பத்து கிலோவுக்கு மேல் இருப்பதைத் தரையிலிருந்து தினமும் தூக்கினால் முதுகு போய்விடும். அரிசி கீழ்த் தட்டில். காலுக்குப் பிளாஸ்டிக் ஷூ மாட்டாவிட்டால் கழுவுகிற தண்ணீரில் துரு ஏறும். மேல் தட்டை ஒரு எல் பிராக்கெட்டால் சுவரோடு கட்டிவிடுங்கள், சாயாது. ரேக்குக்குப் பக்கத்தில் மடக்கு மேசை ஒன்று: காய் நறுக்கும்போது தூக்கி நிறுத்தலாம், மற்ற நேரம் சுவரோடு சுவராகக் கிடக்கும். சிங்க்குக்கு மேல், சிங்க் அகலத்துக்கு, பத்து அங்குல ஆழத்தில் பலகை இரண்டு, தரையிலிருந்து 54 அங்குலத்தில் முதலாவது. ஆழம் பத்துக்கு மேல் வேண்டாம், மசாலா டப்பாக்கள் இரண்டு வரிசையானால் பின் வரிசை உங்களுக்கு மறந்துபோகும். சுவர் மேல்பாதி பலகையாக இருந்தால் திருகு பலகையில் அல்ல, உள்ளே ஓடும் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும்.

கேஸ் சிலிண்டரைத் திரைச்சீலைக்குப் பின்னாலோ கதவு போட்ட பெட்டிக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். மேசைக்குக் கீழே, திறந்தவெளியில், நிமிர்த்தி. ரப்பர் குழாய் சிரிம் (தரச் சான்று) முத்திரை உள்ளதாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல். சிங்க் கழிவுக் குழாயில் வளைவு டிராப் கட்டாயம் வேண்டும். நேராக வெளி லோங்காங்கில் (சாக்கடையில்) விட்டால் கரப்பானும் நாற்றமும் அதே வழியில் உள்ளே வரும்.

செலவைச் சுமாராகப் போடுகிறேன், கடைக்குக் கடை மாறும். சிங்க் 320, ரேக் 180, அலுமினிய அடுப்பு மேசை 260, சுவர்ப் பலகை பிராக்கெட்டோடு 140, மடக்கு மேசை 120, குழாய் வேலை 130, பிளக் இரண்டு புதிதாக இழுக்க 300. மொத்தம் 1,450. தவணைக் கடைக்குக் கூடுதலாகப் போகும் அந்த 1,084 கையில் இருந்திருந்தால் முக்கால் குசினி முடிந்திருக்கும்.

வயரிங் செலவைக் கையை விட்டுப் போடும் முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்ட வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், சொல்கிறது. புதுப் பிளக் உங்கள் செலவு என்றாலும், நைந்த வயரை மாற்றுவது அவர்கள் வேலை. எப்படியானாலும் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள். வேலை செய்பவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்கட்டும்.

பணம் எங்கிருந்து? மாதம் 350 கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள். அதை உங்களுக்கே கட்டுங்கள். முதல் மாதம் வயரிங், அடுத்து சிங்க், அப்புறம் அடுப்பு மேசை என்று வாங்கினால் ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துவிடும். எதுவும் ரொக்கத்தில்தான். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று கைப்பேசியில் வரும் பட்டனை, கைப்பேசிக்கான 110 முடிந்த கையோடு அழித்துவிடுங்கள். மூன்று தவணைக்கு வட்டியே இல்லை என்பார்கள். ஒரு தவணை தப்பினால் தாமதக் கட்டணம் வரும். அதைவிட, வாங்க வேண்டாத பொருளை வாங்க வைப்பதுதான் அதன் வேலை.

ஆறாம் மாதத்திலிருந்து 31 மாதம் இருக்கிறது, அதே 350 வீதம் 10,850 வெள்ளி. இதைக் கணவரின் இ.பி.எஃப் கணக்கிலேயே சுய சந்தாவாகப் போடலாம். 55-க்குப் பிறகு செலுத்துவது அக்காவுன் எமாஸ் கணக்கில் சேரும், 60 வயதில்தான் எடுக்க முடியும். உங்களுக்குப் பணம் வேண்டியதும் சரியாக அப்போதுதான். 2024-க்கு வாரியம் வழக்கமான கணக்குக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஒவ்வொரு வருடமும் அப்படியே வருமென்று எண்ண வேண்டாம், சட்டம் உத்தரவாதம் தருவது 2.5 மட்டும். 14 விழுக்காட்டில் கடன் வாங்கிக் கேபினட் போடுவதையும் இதையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் போடாதீர்கள்; உங்களுக்கு 55 ஆகும்வரை பெரும்பகுதி ஓய்வுக்காலக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

கணவர் 55 வயது வரை இ.பி.எஃப்பில் சேர்த்து வைத்த பணத்தை இப்போது எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது கொழுந்தனாருக்கும் தெரிந்திருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறும்போது வீட்டு முன்பணமோ வாடகை வைப்புத்தொகையோ அதிலிருந்துதான் வர வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அடுத்த தீபாவளிக்கு அவர் வரும்போது ரேக் நின்றுகொண்டிருக்கும்.

கொழுந்தனாரிடம் மறுப்பது கஷ்டம் என்று தெரியும். சண்டை வேண்டாம். கணவரையே பேசச் சொல்லுங்கள்: "தம்பி, வீடு நம்மளது இல்ல, மூணு வருசத்துல காலி பண்ணணும். கேபினட் வேணாம்." அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் 12,000-க்கு இன்னொரு வரைபடம் கொண்டு வருவார். கொடுத்த 500-ஐத் திருப்பிக் கேட்டால் உறவு முறியும், கேட்காவிட்டால் போய்விடும். அதனால் வேலையாக வாங்குங்கள். சுவர்ப் பலகை இரண்டு, மடக்கு மேசை ஒன்று, ரேக்கைச் சுவரோடு கட்டுவது. பொருளும் கூலியும் சேர்த்து அந்த 500-க்குள் அடங்கும், பலகை ப்ளைவுட்டாக இருக்கட்டும். அவர் ஒத்துக்கொண்டால் உங்கள் 1,450-ல் 260 குறையும்.