ஸ்பான்சர் 18ஏ ரசீது கேட்டால்
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கிளப் நடத்துகிறீர்கள், சந்தா ஒழுங்காக வருவதில்லை, ஜெர்சிக்குப் பணம் தரும் கடைக்காரரோ நன்கொடைக்கு வரிக்கழிவு பெற 18ஏ பிரிவு ரசீது கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்! அமெச்சூர் விளையாட்டு, வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் முதல் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. 18ஏ ரசீது இரண்டாம் பகுதியில் உள்ள பணிகளுக்குத்தான். அதனால் கிளப்புக்கு வரிவிலக்கு கிடைக்கலாம், 18ஏ கிடைக்காது. ஜெர்சியில் கடைப் பெயரைப் போட்டு, விளம்பரத்துக்கென்று இன்வாய்ஸ் கொடுங்கள். அவருடைய கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் அது வியாபார வருமானம், தனியாக எழுதி வையுங்கள்.

அப்புறம், என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) பதிவு இலவசம்தான். ஆனால் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். நாங்கள் மறந்துவிட்டு அலைந்தோம்.

சந்தாவா? தர முடியாதவர்களை மைதானத்தில் கோடு போடவும் ஜெர்சி துவைக்கவும் கூப்பிடுங்கள். எங்களிடம் பாதிப்பேர் வந்தார்கள்.