கல்லூரியில் யாரும் கண்டுகொள்ளாத டிஃபென்சிவ் லைன்மேனை எங்கள் அணி 5ஆம் சுற்றில் எடுத்திருக்கிறது. அவர் தேறுவாரா என்று எப்படிக் கணிப்பது?

என் அலமாரியில் 44ஆம் எண் போட்ட அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஜெர்சி ஒன்று தொங்குகிறது. பத்து வருடமாகப் போகிறது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஜெர்சிதான் காரணம்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் எல்லோரும் இதையே பேசுகிறார்களே என்று இந்த ஆட்டத்துக்குள் இழுபட்டு வந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் யாரோ ஒருவர் “இவனை எதற்கு எடுத்தார்கள்?” என்று சிரித்திருப்பார். நீங்களும் போய் அந்தப் பையன் கல்லூரியில் எத்தனை சாக் எடுத்தான் என்று தேடியிருப்பீர்கள். சொற்பமாக இருந்திருக்கும். சாக் என்பது எதிரணியில் பந்தை வீசுகிறவரான குவாட்டர்பேக்கை, அவர் வீசுவதற்கு முன்பே பிடித்துச் சாய்ப்பது. தற்காப்பு வரிசை ஆட்டக்காரரின் வேலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பகுதி அது ஒன்றுதான். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அணிகளுக்கு ஆள் தேடித் தரும் ஸ்கவுட் இல்லை நான். எந்த அணியிலும் ஆடியதும் இல்லை. படித்தது இயந்திரப் பொறியியல். “உனக்கு என்ன தெரியும்” என்று கேட்க வருகிறவர்களுக்கு இதுவே பதில்: ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தது தெரியும், அதை மதிக்காமல் போய் ஏமாந்ததும் தெரியும்.

2013 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காகக் கிளெம்சனுக்குப் போனேன். தென் கரோலினாவின் வடமேற்கு மூலையில் உள்ள சிற்றூர். ஊரில் இருக்கிற மொத்தப் பேரையும் போலப் பல மடங்கு ஆட்கள் அமரக்கூடிய மைதானம் அங்கே இருக்கிறது. 80,000க்கும் மேல் இருக்கைகள். சனிக்கிழமைகளில் ஊரே ஆரஞ்சு நிறமாகிவிடும். மாணவர் டிக்கெட்டில் உள்ளே போய், பக்கத்தில் இருக்கிறவன் கத்தும்போது கத்தினேன், அவன் உட்காரும்போது உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு ஆட்டக்காரர் விக் பீஸ்லி, 3ஆம் எண். வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வருவார், சாக் எடுப்பார், மைதானம் அதிரும். மற்றவர்களெல்லாம் எனக்கு வெறும் முதுகுகள்.

எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். உள்ளூர்க்காரர். பள்ளி நாட்களில் வரிசையில் ஆடியவர். ஒரு முழங்கால் இன்னும் மடங்காது. 2014 பருவத் தொடக்கத்தில் ஒரு நாள், பீஸ்லியைப் பற்றி நான் புகழ்ந்து தள்ளியதைக் கேட்டுக்கொண்டே ஒரு வேலையை முடித்தார். பிறகு சொன்னார்: “ஆட்டம் தொடங்கியதும் இரண்டு விநாடிக்குப் பந்தை மறந்துவிடு. நடுவில் நிற்கிற 50ஆம் எண்ணை மட்டும் பார். அவன்மேல் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று எண்ணு.”

50ஆம் எண் கிரேடி ஜாரட்.

எண்ணினேன். பாதிக்குமேல் இரண்டு பேர். இந்தக் கணக்கு எளிமையானது. எதிரணியின் முன்வரிசையில் ஐந்து பேர் தடுப்பார்கள். நடுவில் நிற்கிற ஒருவனுக்கே இரண்டு பேரைச் செலவழித்துவிட்டால், மிச்சம் இருக்கிற மூன்று பேர்தான் எங்கள் நால்வர் வரிசையின் மற்ற மூன்று பேரையும் ஆளுக்கு ஒருவராகச் சமாளிக்க வேண்டும். ஓரத்திலிருந்து பீஸ்லி ஒற்றைக்கு ஒற்றையாக மோத முடிந்தது அதனால். வரிசைக்குப் பின்னால் நின்ற லைன்பேக்கர் ஸ்டெஃபான் அந்தோனிமேல் யாரும் கை வைக்காமல் அவர் ஓடி வந்து ஆளைச் சாய்க்க முடிந்ததும் அதனால். அந்த வருடம் எதிரணியை மிகக் குறைந்த கஜம் முன்னேறவிட்ட கல்லூரி அணி நாட்டிலேயே கிளெம்சன்தான். பெயர் வாங்கியது ஓரத்தில் இருந்தவர். அடி வாங்கியது நடுவில் இருந்தவர்.

அக்டோபரில் லூயிவில் அணியோடு ஆடிய ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசி நிமிடத்தில் அவர்கள் எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பந்தோடு அதைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டால் கதை முடிந்தது. கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் அவர்கள் வீசிய பந்தை வரிசையின் நடுவில் நின்ற டிஷான் வில்லியம்ஸ் தட்டிவிட்டார். 23-17 என்று ஜெயித்தோம். அந்த வில்லியம்ஸை மறுவருட டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, டிராஃப்ட். 2015 ஏப்ரல் 30 முதல் மே 2 வரை, சிகாகோவில். நான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அட்லாண்டாவில் வேலை கிடைத்திருந்தது. பீஸ்லியை 8ஆவது ஆளாக அட்லாண்டாவே எடுத்தது. அந்தோனியை 31ஆவது ஆளாக நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. இரண்டு பேருமே முதல் சுற்று. இந்த இருவருக்கும் வழி செய்து கொடுத்த ஜாரட் வியாழக்கிழமை முழுவதும் காத்திருந்தார், வெள்ளிக்கிழமை முழுவதும் காத்திருந்தார். சனிக்கிழமை, 5ஆம் சுற்றில், 137ஆவது ஆளாக, மின்னசோட்டாவிடம் இடத்தைப் பேரம் பேசி வாங்கி அட்லாண்டா அவரை எடுத்தது. அவர் காத்திருந்ததற்கு எல்லோரும் சொன்ன காரணம் உயரம்: 6 அடி 1 அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவு. எடை 304 பவுண்டு. கை நீளம் போதாது, சாக் எண்ணிக்கை போதாது.

உயரம் போதாதாம்! சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுகிறவன் நிமிர்ந்து நின்றா தள்ளுகிறான்? குனிந்து, தோளை அடியில் கொடுத்துத் தள்ளுவான். வரிசையில் நடப்பதும் அதுதான். யாருடைய தோள் தாழ்வாகப் போய் எதிராளியின் நெஞ்சுக்கு அடியில் முட்டுகிறதோ அவன் ஜெயிப்பான். இயற்கையிலேயே தாழ்ந்து நிற்கிறவனுக்கு அது பாதி வேலை மிச்சம். இதற்கு ஒரு வருடம் முன்புதான் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆரன் டொனால்டை, 285 பவுண்டுதான் இருக்கிறார் என்று முணுமுணுத்து 13ஆவது இடம்வரை விட்டிருந்தார்கள். அவர் பிற்பாடு மூன்று முறை அந்த வருடத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2010இல் ஜீனோ அட்கின்ஸ், அவரும் குள்ளம் என்ற பேச்சோடு 120ஆவது ஆளாகப் போனவர்தான். மறுபுறம் 2008இல் வெர்னன் கோல்ஸ்டன் என்பவர் தேர்வு முகாமில் 225 பவுண்டு பாரத்தை 37 தடவை தூக்கிக் காட்டினார். நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவது ஆளாக எடுத்தது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அவர் எடுத்த மொத்த சாக் எண்ணிக்கை பூஜ்யம்.

இவ்வளவும் பட்டறைப் பெரியவர் புண்ணியத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், முதல் மாதச் சம்பளம் வந்ததும் நான் வாங்கியது பீஸ்லியின் 44ஆம் எண் ஜெர்சி. கடையில் ஜாரட்டின் 97ஆம் எண் இல்லை என்பது வெறும் நொண்டிச்சாக்கு. வேறு கடையில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2016இல் பீஸ்லி 15.5 சாக் எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தபோது, அலுவலகத்தில் அந்த ஜெர்சியோடு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பருவம் முழுவதும் ஜாரட் எடுத்தது 3 சாக்.

பிறகு 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். ஃபால்கன்ஸ் ரசிகனிடம் அந்த இரவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். 28-3 என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அப்படி முன்னிலையில் இருந்து 34-28 என்று தோற்றோம். எல்லோருக்கும் எதிரணியான நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் டாம் பிரேடி மீண்டு வந்தது நினைவிருக்கிறது. அதே பிரேடியை ஜாரட் தனி ஒருவராக மூன்று முறை சாய்த்தது யாருக்கும் நினைவில்லை. ஒரு பருவத்தில் எடுத்ததை ஒரே இரவில் எடுத்தார். சூப்பர் பௌல் சாதனைக்குச் சமம். தற்காப்பைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: அன்றைக்கு எங்கள் தாக்குதல் அணி ஆடியது 46 ஆட்டத் துண்டுகள். எங்கள் தற்காப்பு நின்று அடி வாங்கியது 93. 300 பவுண்டு மனிதன் அத்தனை முறை மோதி எழுந்தால் கடைசியில் காலில் என்ன மிச்சம் இருக்கும்?

வாசலில் ஃபால்கன்ஸ் கொடி கட்டியிருந்தேன். தோற்ற மறுநாள் அதைக் கழற்றக் கை வரவில்லை. ஒரு வாரம் அப்படியே விட்டேன்.       சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் ஆளுடைய சாக் எண்ணிக்கையை ஒதுக்கி வையுங்கள். தொகுத்த காட்சிகளையும் பார்க்காதீர்கள். அதில் எல்லோரும் மாவீரர்கள். கல்லூரியில் அவர் ஆடிய முழு ஆட்டம் ஒன்றை, முடிந்தால் பலமான எதிரணியோடு ஆடியதை, எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அசைந்ததும் முதலில் நகர்வது அவரா, எதிரில் இருப்பவரா? இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் பின்னால் போகிறாரா, குறைந்தது அந்த இடத்திலாவது நிற்கிறாரா? 40 கஜ ஓட்ட நேரத்தை விட்டுவிடுங்கள், வரிசையில் ஆடுகிறவர் 40 கஜம் ஓட வேண்டி வந்தால் அணி ஏற்கெனவே தொலைந்தது. முதல் 10 கஜத்தில் எவ்வளவு வேகம் என்பது மட்டும் பொருட்படுத்தத் தக்கது. பிறகு நான்காவது கால் பகுதியில் அதே ஆளைத் திரும்பப் பாருங்கள். முதல் பகுதியில் தாழ்ந்திருந்த தோள் இப்போது உயர்ந்துவிட்டதா? களைத்தவன் முதலில் நிமிர்ந்துவிடுவான்.

அவரை அணி எந்த இடத்தில் நிறுத்தப் போகிறது என்பதும் முக்கியம். கிளெம்சனில் ஜாரட் நடுவில் நின்று அடியைத் தாங்கியவர். அட்லாண்டாவில் பயிற்சியாளராக வந்த டான் க்வின் தானே தற்காப்பு வரிசையைப் பயிற்றுவித்து மேலே வந்தவர். ஜாரட்டைத் தடுப்பவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் பாய விட்டார். அதே ஆளை இரண்டு பேரைத் தாங்குவதற்கென்றே வைத்திருக்கும் அணி எடுத்திருந்தால், இந்தப் பதிலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

“தேறியவர்களை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறாய்” என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் வருவார். உண்மைதான். 5ஆம் சுற்றில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சில வருடங்களில் காணாமல் போகிறார்கள். உங்கள் ஆளும் போகலாம். “ஜாரட்டின் அப்பாவும் ஃபால்கன்ஸ் ஆட்டக்காரர், அதனால் எடுத்தார்கள்” என்று இன்னொருவர் சொல்வார். அப்பா ஜெஸ்ஸி டகிள் எங்கள் அணிக்கு 14 பருவம் ஆடியவர்தான்; ஆனால் 1987இல் அவரையே டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. சிபாரிசு இருந்திருந்தால் 137வரை ஏன் காத்திருக்கப் போகிறார்?

பீஸ்லி அந்த 15.5க்குப் பிறகு இரண்டு வருடம் ஐந்தைந்து சாக்கோடு நின்றார். 2020இல் அணியை விட்டுப் போனார். அந்தோனியை நியூ ஆர்லியன்ஸ் 2017லேயே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை, 15.5 என்பது வேறு யாரும் அந்த வருடம் தொடாத எண். ஜாரட் 2019இல் நான்கு வருடத்துக்கு 68 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார், முழங்கால் கிழிந்து திரும்பி வந்தார், பத்துப் பருவம் எங்களுக்கு ஆடினார். 2025 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது, சிகாகோவுக்குப் போனார். அன்று மாலை பட்டறைப் பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன். “97 வாங்கிவிட்டாயா?” என்று மட்டும் பதில் வந்தது.

இன்னும் வாங்கவில்லை. உங்கள் ஆளின் பெயரையும் கல்லூரியையும் கீழே எழுதுங்கள். வாரக்கடைசியில் ஒரு முழு ஆட்டம் பார்த்துவிட்டு, அவர்மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணிச் சொல்கிறேன்.