புண்ணு கால்ல, நெறி இடுக்குல!

கேள்வி: கவாத்து மலையில தேயிலை குச்சி குத்தி கால்ல புண்ணாயிருச்சு, ரெண்டு மூணு நாள்ல தொடை இடுக்குல நெறி கட்டிருச்சு. அங்க ஏன் வீங்குது? ஏஎல் பயோ படிக்கிற மக டி செல், அது இதுங்கிறா, ஒண்ணும் வெளங்கல. – வாசகி, ஹட்டன்

பதில்: மக சொல்றது சரிதாங்க. டி செல்லுங்கிறது கிருமியோட மல்லுக்கட்டுற ஒரு வகை வெள்ளை ரத்த அணு. அதுக்கு முழு கிருமிய காட்டுனா அடையாளமே தெரியாது, யாராச்சும் நறுக்கி காட்டணும். அந்த வேலைய பாக்குறதுல கெட்டி டென்ட்ரிட்டிக் செல்லுங்கிற இன்னொரு எதிர்ப்பு செல், 1973ல ரால்ஃப் ஸ்டைன்மன் கண்டுபிடிச்சது (2011ல நோபல் அறிவிச்சப்ப மனுசன் செத்து மூணு நாள், கமிட்டிக்கே தெரியாது, பாவம்). இது தோல்ல இருந்து பாக்டீரியாவ முழுங்கி, என்சைம் வச்சு புரோட்டீன வெட்டி, சுமார் 15 அமினோ அமிலம் (புரோட்டீன்ல கோத்திருக்க மணிங்க) நீளத்துல ஒரு துண்ட எம்எச்சி கிளாஸ் 2ங்கிற தட்டுல வச்சு வெளிய நீட்டிக்கிட்டே நிணநீர் வழியா இடுக்குல இருக்க நிணநீர் கணுவுக்கு வந்துரும். டி செல்லுகளுக்கு அதுதான் பிரட்டுக்களம், காலையில தோட்டத்துல ஆளுங்க கூடுற எடம் மாதிரி. அந்த துண்டுக்கு பொருந்துற டி செல் லட்சத்துல ஒண்ணு கூட தேறாது, ஆனா மாட்டிருச்சுன்னா, கூடவே ‘ஆபத்து’ன்னு ரெண்டாவது சிக்னலும் கெடச்சா, சரசரன்னு பெருகும், கணு வீங்கும், அதான் நெறி.

வைரஸ்னா ரூட் வேற. செல்லுக்குள்ளயே புரோட்டியசோம்ங்கிற வெட்டு மெசினு நறுக்கும், 8–10 அமினோ அமில துண்டு எம்எச்சி கிளாஸ் 1ங்கிற வேற தட்டுல ஏறும், சிடி8ங்கிற டி செல் வகை வந்து அந்த செல்லையே கொன்னுரும்.

அது கெடக்கட்டும், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டீங்களா? கால்ல செவப்பு கோடு மேல ஏறுனாலோ காய்ச்சல் அடிச்சாலோ மஞ்சள் பூசிக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.