என்வி, ஜெலசி: இரண்டையும் ‘பொறாமை’ என்றே மொழிபெயர்க்கலாமா?

‘என்வி’, ‘ஜெலசி’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் ‘பொறாமை’ என்றே பொருள் தரப்பட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா, ‘ஜெலஸ்லி கார்டட்’ என்று வரும் இடத்தில் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பில் இறங்கிய தொடக்க நாள்களில் நானும் இதே இடத்தில் இடறியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சிறுகதையில் வந்த ‘எ ஜெலஸ் ஹஸ்பண்ட்’ என்ற தொடரைப் ‘பொறாமை பிடித்த கணவன்’ என்று எழுதியிருந்தேன். கைப்பிரதியைத் திருத்தித் தந்த மூத்தவர் அந்தத் தொடரின் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் ‘யாரிடம் இருக்கும் எதைக் கண்டு?’ என்று மட்டும் கேட்டிருந்தார். கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கணவன் யாருடைய செல்வத்தைக் கண்டும் வயிறெரிந்தவன் அல்லன். மனைவிக்கு ஒரு கடிதம் வந்தால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவன், அவள் சிரிக்கும் ஓசை கேட்டால் யாரோடு பேசுகிறாள் என்று அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்ப்பவன். நான் எழுதிய தமிழைப் படிப்பவரோ, மனைவியின் படிப்பையோ திறமையையோ கண்டு அவன் பொருமுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘சந்தேகப் புத்தியுள்ள கணவன்’ என்று மாற்றிய பிறகுதான் கதை நேர்பட்டது.

அந்த மூத்தவரின் கேள்வியையே நீங்களும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பிறரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்ற வேக்காடு என்வி. நம்மிடம் இருப்பது, அல்லது நமக்கே உரியது என்று நாம் நினைப்பது, இன்னொருவர் பக்கம் போய்விடுமோ என்ற பதைப்பு ஜெலசி. என்விக்கு இரண்டு பேர் போதும். ஜெலசியில் மூன்று பேர் இருப்பார்கள்: நாம், நமக்கு வேண்டியவர், குறுக்கே வருபவர். இவ்விரண்டு உணர்வுகளையும் அனுபவித்தவர்களிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த பாரட், ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் 1993 இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே பிரிவைத்தான் காட்டியது: என்வியோடு தாழ்வுணர்வும் ஏக்கமும் மனக்கசப்பும் சேர்ந்து வந்தன, ஜெலசியோடு இழப்பைப் பற்றிய அச்சமும் நம்பிக்கையின்மையும் பதற்றமும் சினமும் வந்தன.

தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘பொறாமை’ என்ற சொல் பொறுக்க முடியாமை என்ற அகலமான பொருளிலிருந்து வந்ததால் இரண்டையும் தன்னுள் இழுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். திருக்குறளைத் திறந்தால் இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. 17 ஆம் அதிகாரமான அழுக்காறாமை முழுவதும் என்வியைப் பற்றியது. ‘பிறனாக்கம் பேணாது அழுக்கறுப்பான்’ என்று 163 ஆம் குறள் சொல்லும்போது, கண் எதன் மேல் இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஜெலசியைப் பார்க்க வேண்டுமென்றால் காமத்துப்பாலின் புலவி நுணுக்கத்துக்குப் போகவேண்டும்.

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான், அவள் உடனே வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள், ஒருவர் நினைத்தால்தானே தும்மல் வரும், எவள் நினைத்ததால் உமக்குத் தும்மல் வந்தது என்று அழுகிறாள். அந்த ‘எவள்’ என்பவள் எங்குமே இல்லை. மூன்றாமவர் உண்மையில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட ஜெலசிக்குக் கிடையாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய வரிகளை நான் படித்ததில்லை. இந்தத் தலைவியைப் ‘பொறாமைக்காரி’ என்று சொல்ல எந்தத் தமிழருக்கும் வாய் வராது, ஊடுகிறாள் என்போம்.

ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மேடையில் காணவேண்டுமானால், 1604 இல் நடிக்கப்பட்டதாகப் பதிவுள்ள ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ போதும். படைத்தலைவன் ஒத்தெல்லோவின் கீழ் தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவி சக வீரன் காசியோவுக்குப் போனதை இயாகோவால் தாங்க முடியவில்லை. காசியோவின் வாழ்வில் இருக்கும் அழகு தன்னை அழகற்றவனாக்குகிறது என்று அவனே சொல்கிறான். இது கலப்படமில்லாத என்வி. அவன் ஒத்தெல்லோவின் நெஞ்சில் ஏற்றுவதோ ஜெலசி: மனைவி டெஸ்டிமோனா கைவிட்டுப் போகிறாள் என்ற நினைப்பு, அதற்குச் சான்றாக ஒரு கைக்குட்டை. தன் மனைவியைப் பற்றி இயாகோவுக்கும் ஒரு சந்தேகம் உண்டு என்பதால் அவனிடமும் கொஞ்சம் ஜெலசி இருக்கிறது என்று வாதிடலாம். வாழ்க்கையில் இவை இப்படிக் கலந்தே வரும் என்பதற்கு அதையே சான்றாகக் கொள்கிறேன். ஜெலசியைப் பச்சைக் கண் கொண்ட கொடுவிலங்கு என்று எச்சரிப்பவனும் இயாகோதான்.

சொற்களின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. என்வி, ‘உற்றுப் பார்த்தல்’, ‘தீய கண்ணால் பார்த்தல்’ என்ற பொருள்படும் ‘இன்விதேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் ‘டிவைன் காமெடி’ காவியத்தில் இந்தக் குற்றம் செய்தவர்களைத் தூய்மைபெறும் மலையின் இரண்டாம் படியில், இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்ட நிலையில் உட்கார வைத்ததற்குக் காரணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜெலசி கிரேக்க ‘ஜேலோஸ்’ வழி பழைய பிரெஞ்சைத் தொட்டு வந்தது. அதற்குத் தீவிரம், முனைப்பு என்று பொருள். ‘ஜீல்’ (பேரார்வம்), ‘ஜெலட்’ (தீவிரப் பற்றாளர்) ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கும் அதுவே வேர்.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில், நண்பர் சுற்றுலா போகிறார் என்றால் ‘ஐ ஆம் ஸோ ஜெலஸ்’ என்கிறார்கள். இதைப் பிழை என்று திருத்தப் புறப்படாதீர்கள். என்வியின் பொருளிலும் ஜெலசியை ஆளுவது மிகப் பழைய வழக்கம், அகராதிகளும் ஏற்றுக்கொண்டவை. ஆனால் எதிர்த்திசையில் இது செல்லாது. சந்தேகப்படும் கணவனை ‘என்வியஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. அதேபோல் ‘என்வியபிள்’ என்பது பாராட்டு. ஒருவருடைய நிலை பிறர் ஏங்கும்படி இருக்கிறது என்று பொருள். ஜெலசியிலிருந்து அப்படி ஒரு சொல் பிறக்கவே இல்லை.

இனி உங்கள் தொடருக்கு வருகிறேன். ஜெலசியின் அடியில் இருந்த அந்தப் பழைய முனைப்பு, தனக்குரியதை விட்டுக்கொடுக்காத பிடிப்பாக, ‘ஜெலஸ்லி கார்டட்’ என்பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. விவிலியத்தில் யாத்திராகமம் 20:5 ஐப் பாருங்கள்: 1611 இன் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஜெலஸ் காட்’ என்று சொல்லும் இடத்தில் தமிழ் விவிலியம் ‘எரிச்சலுள்ள தேவன்’ என்கிறது. எல்லாம் உடையவருக்குப் பிறர் உடைமை மேல் பொறாமை எப்படி வரும்? தம் மக்கள் வேறு தெய்வங்களின் பக்கம் போவதைப் பொறுக்காதவர் என்பதே அங்கே கருத்து. ஆகவே ‘ஹி ஜெலஸ்லி கார்டட் ஹிஸ் ரெப்யுடேஷன்’ என்பதைப் ‘பொறாமையுடன் காத்தான்’ என்று எழுதினால் பொருளே நிற்காது. ‘தன் பெயருக்கு ஒரு சிறு களங்கமும் வந்துவிடாமல் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தான்’ என்று எழுதுங்கள். ரகசியமோ உரிமையோ என்றால், ‘எவரையும் அண்டவிடாமல் காத்தான்’ என்பது இன்னும் நெருங்கி வரும்.