லூபஸ் நோயாளிகளின் ஆன்டிபாடிகள் இனத்துக்கு இனம் மாறுமா?

மாறும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் மாறுவதில்லை. லூபஸ் என்பது நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்; அந்தத் தாக்குதலுக்கு அது உருவாக்கும் புரதங்கள்தான் இந்த ஆன்டிபாடிகள். முதல் சோதனையான ஏஎன்ஏ (செல்லின் கருவைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தச் சோதனை), எந்த இனத்தவராக இருந்தாலும் லூபஸ் உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாசிட்டிவாகவே வரும். (நோயே இல்லாத பலருக்கும் வரும், அது வேறு தலைவலி.)

வித்தியாசம் தெரிவது ஆன்டி-எஸ்எம், ஆன்டி-ஆர்என்பி என்ற இரண்டு குறிப்பிட்ட ஆன்டிபாடிகளில்தான். அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் இவை கணிசமாக அதிகம். ஆசிய வம்சாவளியினரிடமும் ஆன்டி-எஸ்எம் கூடுதலாகவே காணப்படுகிறது. 1966-இல் டான், குங்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த ஆன்டி-எஸ்எம், ஒரு நோயாளியின் பெயரிலிருந்து பெயர் பெற்றது. லூபஸ் தவிர மற்ற நோய்களில் அரிது என்பதால், பாசிட்டிவ் என்றால் நோயை உறுதிசெய்யப் பெரிதும் உதவும். நெகட்டிவ் என்றால் லூபஸ் இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலான வெள்ளை நோயாளிகளுக்கு அது நெகட்டிவ்தான்.

காரணம்? நோயெதிர்ப்பில் பங்குள்ள எச்எல்ஏ மரபணுக்களின் வகைகள் ஒரு பங்கு. ஆன்டிபாடி உருவாவதில் அவற்றுக்குக் கை உண்டு, அவை மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுபடும். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு கறுப்பினத்தவரிடம் கடுமையாக இருப்பதை மரபணு, ஆன்டிபாடி மேல் மட்டும் போட முடியாது. வறுமை, காப்பீடு இல்லாமை, தாமதமான சிகிச்சை எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அப்புறம், இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் ருமட்டாலஜிஸ்ட் (லூபஸ், மூட்டு நோய்களுக்கான மருத்துவர்) அறிகுறிகளோடு சேர்த்துத்தான் படிப்பார்.