இன்றைக்கும் பறக்கவில்லையா? பயிற்சி விமானிகளின் வானிலைக் கேள்விகளும் பதில்களும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே தனியார் விமானி உரிமத்துக்குப் பயிலும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வானிலையால் பறப்பு தள்ளிப்போவது பற்றி அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அதே பகுதியில் பல ஆண்டுகளாகச் செஸ்னா 172 என்னும் சிறு விமானம் ஓட்டிவரும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (சான் ஹோசே): ஜூன் மாதம் முழுவதும் காலை எட்டு மணிக்கு முன்பதிவு செய்தேன். பாதிக்கு மேல் ரத்து. நான் வீட்டுக்குத் திரும்பியதும் வானம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. என் ராசி அப்படியா?

ராசிக்குச் சம்பந்தமில்லை, பசிபிக் கடலுக்குத்தான் சம்பந்தம். கோடையில் கலிபோர்னியாக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து ஈரமாகிறது. பசிபிக் கடல்மேல் நிற்கும் காற்று உயரழுத்தத்தால் மேலிருந்து இறங்கும் சூடான, உலர்ந்த காற்று அதன்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. அந்த மூடிக்குக் கீழே இரவில் தாழ்மேகம் உருவாகி விரிகுடாவுக்குள் நுழைகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் ஓரங்களிலிருந்து கலையத் தொடங்கும். லிவர்மோர் போன்ற உள்பகுதி விமான நிலையங்கள் முதலில் தெளியும். ஹாஃப் மூன் பே சில நாள்களில் தெளியவே தெளியாது.

எட்டு மணி மட்டும் எப்போதும் காலியாகக் கிடப்பது ஏன் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பதினொன்றைப் பிடியுங்கள். ரொம்பவும் தள்ளிப்போகாதீர்கள், பிற்பகலில் கடற்காற்று வலுத்துவிடும். தரையிறங்கப் பழகுகிறவருக்கு அது வேறொரு தலைவலி.

முந்தைய இரவே ஒரு வேலை செய்யுங்கள். தேசிய வானிலைச் சேவையின் மான்டரே அலுவலகம் வெளியிடும் முன்னறிவிப்பு விளக்கத்தில் விமானிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கும். கடலடுக்கு, அதாவது மூடிக்குக் கீழே கிடக்கும் அந்தக் குளிர்ந்த காற்று, எத்தனை அடி தடிமன், மேகம் எப்போது கலையலாம் என்று வானிலையாளர் தம் கணிப்பைக் காரணத்தோடு எழுதியிருப்பார். ஓக்லாந்தில் நாளுக்கு இரண்டு முறை பலூன் விட்டு அளப்பதும் இதற்கு உதவுகிறது. அடுக்கு 1,000 அடிக்குள் என்றால் சீக்கிரம் தெளிய வாய்ப்புண்டு. 2,000 அடியைத் தாண்டினால் அன்றைக்கு அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். செல்பேசியில் வரும் சூரியன் படம் துணி காயப்போடுகிறவர்களுக்கானது.

கேள்வி (ஃப்ரீமான்ட்): விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையில் ‘ஓவிசி 012’ என்று இருந்தது. 1,200 அடியில் மேகம், விமான நிலையமும் திறந்திருந்தது. ஆனாலும் பயிற்றுநர் ஓடுபாதையைச் சுற்றிவரக்கூட விடவில்லை. அதிகமாகப் பயப்படுகிறாரோ?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபுரக் கட்டுப்பாடு உள்ள உங்கள் நிலையத்தில், வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி, மேகத்துக்குக் கீழே 500 அடி இடைவெளி வேண்டும். 1,200-இல் 500 போனால் மிச்சம் 700. ஓடுபாதையைச் சுற்றிவரும் உயரமோ சுமார் 1,000 அடி. எங்கே பறப்பீர்கள்? மேகத்தளம் 1,500 அடிக்கு வந்தால்தான் கணக்கு நேராகிறது, அதிலும் கையிருப்பு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் மேலே போனவர்கள் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி பெற்றவர்கள். அவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

கேள்வி (சன்னிவேல்): மேகம் சில நூறு அடிதானே இருக்கிறது? மேலே நல்ல வெயில். நேராக ஏறித் துளைத்துக்கொண்டு போனால் ஒரு நிமிட வேலை.

தம்பி, இந்தக் கேள்வியை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவரை நல்லது. 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிப் பறப்பில் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே விமானத்தை ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி. ஒருவர் 20 விநாடிகூடத் தாண்டவில்லை. விமானம் மெல்லச் சாய்கிறது, உள்காது அதை உணர்வதில்லை. உடம்பு ‘நேராகத்தான் போகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், விமானமோ சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். தவிர, தனியாகப் பறக்கும் மாணவர் தரை கண்ணுக்குத் தெரியாமல் பறக்கவே கூடாது என்பது விதி. மேகத்துக்கு மேலே வெயிலில் மிதப்பதும் அதில் அடக்கம்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாயார்): என் மகன் அங்கே விமானம் ஓட்டப் பழகுகிறான். வீடியோவில் பார்த்தால் சுள்ளென்று வெயில் அடிக்கிறது, ஆனால் ‘வானிலை சரியில்லை, வகுப்பு இல்லை’ என்கிறான். உண்மைதானா ஐயா?

உண்மைதான் அம்மா. வெயில் இருந்தால் மழை இல்லை என்று மட்டும்தான் பொருள். காற்று விட்டுவிட்டு வீசினாலோ, காட்டுத்தீப் புகையில் எதிரே இருப்பது தெரியாவிட்டாலோ பறக்க முடியாது. 2020 செப்டம்பர் 9 அன்று புகையால் இங்கே வானமே ஆரஞ்சு நிறமாகிப் பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பையன் ‘இல்லை’ என்று சொல்கிற நாளில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி (மில்பிடாஸ்): ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்று 7 நாட் (மணிக்கு 7 கடல்மைல்) வேகத்துக்கு மேல் இருந்தால் தனியாகப் பறக்கக் கூடாது என்று பயிற்றுநர் என் லாக்புக்கில் (பறப்புக் குறிப்பேட்டில்) எழுதிவிட்டார். செஸ்னா 172 கையேட்டில் 15 நாட் என்றல்லவா இருக்கிறது?

அந்த 15, தேர்ந்த சோதனை விமானி செய்துகாட்டிய அளவு. உங்கள் அளவு உங்கள் லாக்புக்கில் இருப்பது. அதை மீறினால் சட்டப்படியும் தவறு.

சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 31-ஆம் ஓடுபாதை ஏறக்குறைய 310 பாகைத் திசை. காற்று 270 பாகைத் திசையிலிருந்து 14 நாட் என்றால் இடைக்கோணம் 40 பாகை, குறுக்கே அடிப்பது சுமார் 9 நாட். அன்றைக்குத் தனியாக வேண்டாம். ஆனால் ரத்தும் செய்யாதீர்கள்! பயிற்றுநரை ஏற்றிக்கொண்டு போங்கள். குறுக்குக் காற்றில் இறங்கப் பழக அதைவிட நல்ல நாள் கிடைக்காது. நன்றாக இறக்கிக் காட்டினால் அந்த 7-ஐ அவரே திருத்தி எழுதுவார்.

கேள்வி (டப்ளின்): ரத்தான நாளில் வேறு என்னதான் செய்வது?

முதலில், ரத்து செய்வதை நீங்களே செய்யுங்கள். பயிற்றுநர் கூப்பிடும்வரை காத்திருக்காமல், மெட்டார், டாஃப் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு) இரண்டையும் படித்து, ‘இன்ன காரணத்தால் இன்றைக்கு வேண்டாம்’ என்று நீங்கள் முன்னே சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிறாரா பாருங்கள். உரிமம் கிடைத்த பிறகு அந்த முடிவை எடுக்க உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

தாழ்மேக நாள், இடியும் பனி உறைதலும் இல்லை, உங்கள் பயிற்றுநர் கருவிப் பறப்பு கற்பிக்கும் தகுதி உள்ளவர் என்றால், அவரோடு மேகத்துக்குள்ளேயே போய் வரலாம். உரிமத்துக்குத் தேவையான 3 மணி நேரக் கருவிப் பயிற்சியில் அது சேரும். நிஜ மேகத்துக்குள் ஒருமுறை போய்வந்தால் சன்னிவேல் தம்பியின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர் (தரையிலேயே பறந்து பழகும் கருவி) பள்ளியில் இருந்தால் அதில் 2.5 மணி நேரம்வரை கணக்கில் வரும். எதுவும் இல்லையா, தரையில் நிற்கும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இயந்திரம் நின்றுபோனால் கை எங்கெங்கே போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

கேள்வி (ட்ரேசி): நவம்பர் முதல் மழை. தனிப் பறப்புக்குப் பயிற்றுநர் தந்த 90 நாள் அனுமதி முடியப்போகிறது. எல்லாம் வீணா?

வீணில்லை. அவரோடு ஒரு பறப்பு போனால், திருப்தி என்றால் மீண்டும் எழுதித் தருவார். எழுத்துத் தேர்வு முடிவும் 24 மாதம் செல்லும். உண்மையில் துருப்பிடிப்பது தரையிறக்கம்தான். அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒன்றுக்குப் பதில் மூன்று முன்பதிவு போட்டு வையுங்கள், ஒன்று தேறும்.

உங்கள் ஊருக்கு ஓர் எச்சரிக்கை: மழை விட்டுக் காற்றும் அடங்கிய மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், ஆனால் மத்தியப் பள்ளத்தாக்கில் ஈரத்தரையிலிருந்து தரைமூடுபனி எழும். விரிகுடா தெளிவாக இருக்க, ஸ்டாக்டனில் ஓடுபாதையே தெரியாது. நீண்டதூரப் பறப்புக்குக் கிளம்பும் முன் போகுமிடத்தின் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் போகாதீர்கள்.

கேள்வி (பாலோ ஆல்டோ): இறுதித் தேர்வில் வாய்மொழிப் பகுதி முடிந்ததும் காற்று வலுத்துவிட்டால்? பறக்க மறுத்தால் தோல்வியா?

தோல்வி இல்லை. இடைநிறுத்தக் கடிதம் தருவார்கள். 60 நாளுக்குள் மீதியை முடித்தால் தேறிய பகுதிகள் அப்படியே நிற்கும். மறுவருகைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று மட்டும் தேர்வாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): உரிமம் வந்ததும் அத்தையையும் மாமாவையும் கோல்டன் கேட் பாலத்துக்கு மேல் அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜூலையில் வருகிறார்கள்.

ஜூலையில் பாலத்தின் கோபுர முனை தெரிந்தாலே பாக்கியம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் செப்டம்பர் கடைசியில் போடச் சொல்லுங்கள், பாலத்துக்கு மேல் பறப்பதை மட்டும் அவர்கள் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.